கொங்குப் பாறையும் நிலத்தின் இளஞ்சூடும்

காவிரியோடு பவானியாறு கலக்கும் கூடுதுறையை ஒட்டிய பவானி நகரமும் அதைச் சூழ்ந்த கொங்கு நிலமும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த நைஸ், சார்னோக்கைட் முதலிய கடும்பாறைகளின்மேல் அமைந்தவை. ஆற்றோரத்து வண்டல் நீங்கலாக இங்கே மண் என்பது பெரும்பாலும் சில அடி ஆழமே. அதன் கீழே நொறுங்கிய பாறையும், அதற்கும் கீழே வெடிப்புகள் வழியாக மட்டுமே நீரைத் தரும் இறுகிய பாறையும் இருப்பதால், ஆறும் கால்வாயும் எட்டாத இடங்களில் வாழ்ந்த உழவர்கள் பல தலைமுறைகளாகக் கல்லைத் துளைப்பதிலேயே தங்கள் உழைப்பையும் பணத்தையும் பெருமளவில் செலவிட்டனர். அவர்கள் தேடியது நீரை. வெப்பத்தை எவரும் தேடவில்லை. ஆயினும் நிலத்தின் மேற்பகுதியில் தங்கியிருக்கும் மிதமான வெப்பத்தைக் கொண்டு கட்டடங்களையும் நீரையும் சூடாக்கும் தொழில்நுட்பம் இன்று உலகெங்கும் எதிர்கொள்ளும் இடர்களான பாறையின் கடினம், துளையின் செலவு, நீர்மட்டத்தின் வீழ்ச்சி, குழாயின் அரிப்பு, நிலத்தடி நீரின் மாசு ஆகியவற்றைக் கொங்கு நாட்டுக் கிணறுகளின் வரலாறு முன்னரே ஒவ்வொன்றாகச் சந்தித்திருக்கிறது. அவ்வரலாற்றை வெப்பத்தின் பக்கமிருந்து படிக்கும்போது, இப்பகுதியில் அத்தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது தெளிவாகிறது.

புவிவெப்பம் என்றதும் இந்தியாவில் நினைவுக்கு வருவன வெந்நீர் ஊற்றுகள். 1966-இல் நடுவண் அரசு அமைத்த வெந்நீர் ஊற்றுக் குழுவின் பணிக்குப் பின், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1970-களில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் துளையிட்டு ஆராய்ந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில், நீர் 85 டிகிரி செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும் அவ்விடத்தில், ஊற்றின் சூட்டைக் கொண்டு பசுமைக்குடில் சூடாக்கும் சோதனைகளும் நடந்தன. 2021-இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் அங்கே மின் உற்பத்தி முயற்சிக்கு உடன்படிக்கை செய்துகொண்டது; 2022-இல் துளையிடும்போது சூடான நீர்மம் கசிந்து ஓடையில் கலந்ததும் செய்தியானது. கொங்கு நாட்டில் இத்தகைய ஊற்று எதுவும் இல்லை. இங்கே பேசத்தக்கது முற்றிலும் வேறு வகை. தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்துக்குள், பாறையும் அதிலுள்ள நீரும் இயல்பாகக் கொண்டிருக்கும் தாழ்ந்த வெப்பநிலையை அப்படியே பயன்படுத்துவது அது. ஆழமற்ற தாழ்வெப்பப் புவிவெப்பம் என்று குறிக்கப்படும் அதற்கு எரிமலையோ வெந்நீர் ஊற்றோ தேவையில்லை. நிலம் இருந்தால் போதும், ஆனால் அந்நிலத்தைத் துளைக்க வேண்டும்.

நிலத்தின் வெப்பநிலை ஆழத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பதைப் பவானியின் ஜமக்காளத் தறிகளும் தோட்டத்துக் கிணறுகளும் தம்மளவில் காட்டி வந்திருக்கின்றன. பகல் வெயிலின் சூடும் இரவின் குளிர்ச்சியும் மண்ணுக்குள் அலைபோல இறங்கினாலும், ஏறத்தாழ அரை மீட்டர் ஆழத்துக்குள் அந்த ஏற்றத்தாழ்வு அநேகமாக அடங்கிவிடுகிறது. ஜமக்காளம் நெய்யும் குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகட்டைகளை மிதிக்கிறார். முழங்கால் அளவுக்குக் கீழே செல்லும் அக்குழியின் அடித்தளம், கூரையின் நிழலும் சேர்ந்துகொள்வதால், பகலுக்கும் இரவுக்கும் பெரிதாக மாறாத வெப்பநிலையில் இருக்கிறது. குழி தோண்டப்பட்டது தறியின் அமைப்புக்காகவே என்றாலும், நிலத்தின் நிதானத்தை அன்றாடம் காலால் உணர்ந்த தொழில் இதுபோல வேறொன்று இப்பகுதியில் இல்லை எனலாம். ஆண்டு முழுவதற்குமான வெப்ப அலை இன்னும் ஆழமாக இறங்கி, 10 முதல் 15 மீட்டருக்குள் மறைகிறது. அதற்குக் கீழே கோடையும் மார்கழியும் ஒன்றே. அங்குள்ள வெப்பநிலை அவ்வூரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டியோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ அமையும். பவானி வட்டாரத்தில் அது ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி. மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாகவும் சித்திரை நண்பகலில் அதே நீர் குளிர்ச்சியாகவும் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். நீர் மாறாதிருக்க, அதைத் தொடுபவரைச் சூழ்ந்த காற்றே மாறுகிறது.

இந்த வெப்பம் பூமியின் நடுவிலிருந்து மேலேறி வருவது என்ற எண்ணம் பரவலாக உண்டு. கொங்கு நாட்டைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் பிழை. தென்னிந்தியப் பழம்பாறைப் பகுதியில் கீழிருந்து வரும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 40 மில்லிவாட்டை ஒட்டியது. ஒரு ஏக்கர் முழுவதையும் கணக்கிட்டாலும் 160 வாட்டுக்கு மேல் தேறாது, அதாவது பழைய குண்டு விளக்குகள் இரண்டு மூன்றுக்கு வேண்டிய ஆற்றல். ஆழம் செல்லச் செல்ல வெப்பநிலை உயரும் வேகமும் இப்பாறைகளில் மிகக் குறைவு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த கோலார் தங்கவயலில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றபோது பாறையின் வெப்பநிலை 65 டிகிரியை ஒட்டியே இருந்தது. மனிதர் அங்கே வேலை செய்யக் காற்றைக் குளிர்விக்க வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் உலகச் சராசரி கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி என்னும்போது, கோலாரில் அதில் பாதிகூட இல்லை. ஆகவே பவானியில் 300 அடி துளைத்தாலும் 1,000 அடி துளைத்தாலும் சூடு பெரிதாகக் கூடாது. அங்கே சேமிப்பில் இருப்பது பெரும்பாலும் வெயிலின் வெப்பம். தரைவழியே இறங்கி, நூற்றாண்டுக் கணக்கில் பாறையில் தங்கிய வெப்பம். எடுத்ததை ஈடுசெய்யப் பாறைக்குக் கீழிருந்து ஒன்றும் விரைவில் வராது என்பதால், எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவைத் திரும்பக் கொடுக்கும் வழியையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

துளையின் வரலாற்றுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டில் பவானியாற்றின் குறுக்கே அணை கட்டி வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால், கூடுதுறைக்கு அருகில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம்வரை காவிரிக்கு இணையாக ஓடி நிலத்தை நனைத்தது. அதன் கசிவு அடுத்துள்ள கிணறுகளையும் ஊறச் செய்தது. வாய்க்காலுக்கு மேட்டிலிருந்த நிலத்துக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. மானாவாரி நிலத்தைக் காடு என்றும் கிணற்றுப் பாசனம் பெற்ற நிலத்தைத் தோட்டம் என்றும் வேறுபடுத்தும் கொங்கு வழக்கில், ஒரு காட்டைத் தோட்டமாக்குவது கிணறு ஒன்றே. அகலமான சதுரக் கிணறுகள் 40, 60, 80 அடி ஆழத்துக்குப் பாறையில் இறக்கப்பட்டன. இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்துத் தமர் போட்டு, அதில் கரிமருந்தும் பிற்காலத்தில் ஜெலட்டின் குச்சியும் வைத்து வெடித்து, உடைந்த கல்லைக் கூடையில் மேலேற்றும் அவ்வேலையில் போயர் சமூகத்தினர் தேர்ச்சி பெற்றிருந்தனர். மேல்மண் சரியாமலிருக்கக் கல்கட்டு, அதற்குக் கீழே வெறும் பாறை, பாறையின் வெடிப்பில் ஊற்றுக்கண் என்ற அந்தக் கிணற்றின் குறுக்குவெட்டே இப்பகுதியின் நிலவியல் பாடநூல். 1876–78 பெரும்பஞ்சத்துக்குப் பின் 1883-இல் வந்த நில மேம்பாட்டுக் கடன் சட்டம் கிணறு வெட்ட அரசுக் கடனுக்கு வழிசெய்தது. அந்நாளில் நீரை மேலேற்றியது கவலை: சரிந்த வாரியில் எருதுகள் இறங்க, தோல்சால் நிறைந்து மேலே வரும். எருதின் வலிமையே ஆழத்துக்கு எல்லை வகுத்தது.

அந்த எல்லையை மின்சாரம் உடைத்தது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி மின்கம்பிகள் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு இறங்கியபின், அந்நகரத்துப் பட்டறைகளில் மோட்டாரும் பம்புசெட்டும் உருவாகி, கவலை படிப்படியாக மறைந்தது. 1955-இல் கீழ்பவானி அணை நிறைவேறியதும் கால்வாய் எட்டிய ஆயக்கட்டில் கிணறுகளுக்குக் கசிவுநீர் மிகுந்தது. எட்டாத மேட்டுப் பகுதியில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனது. கிணற்றின் அடியில் செங்குத்தாகவும் பக்கவாட்டிலும் துளைகள் போடப்பட்டன. அவையும் வற்றியபோது, கிணற்றைவிட்டு விலகித் தரையிலிருந்து நேரே துளையிடும் போர்வெல் வந்தது. 1960-களின் பிற்பகுதியில் வட இந்தியாவிலும் மராட்டியத்திலும் ஏற்பட்ட வறட்சியின்போது ஐ.நா. குழந்தைகள் நிதியமான யூனிசெஃப் காற்றழுத்தச் சுத்தியல் ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இதில் திருப்புமுனை. எடைமிக்க உளியைத் தூக்கித் தூக்கிப் போடும் பழைய முறையில் வாரக்கணக்கில் ஆன துளையைப் புதிய ரிக் ஓரிரு நாளில் முடித்தது. கோயம்புத்தூரில் கம்ப்ரசரும் ரிக்கும் தயாரிக்கும் தொழிற்சாலைகள் வளர்ந்தன. பவானிக்கு ஆற்றின் அக்கரையில் சங்ககிரியைத் தாண்டியுள்ள திருச்செங்கோடு, ரிக் வண்டிகளின் ஊராக மாறி, அதன் ஆட்களும் வண்டிகளும் காஷ்மீரம்வரையும் கடல் கடந்து ஆப்பிரிக்காவரையும் சென்று துளையிடும் நிலை உண்டானது.

அந்த வேலையை அருகிலிருந்து நோக்கினால் அதன் நுட்பம் விளங்கும். நொறுங்கிய மேற்பாறை தீரும்வரை அகலமாகத் துளைத்துக் கேசிங் குழாய் இறக்கப்படுகிறது. அதற்குக் கீழே ஆறரை அங்குலத் துளை. ராடுகளின் உள்வழியே கம்ப்ரசர் காற்று அடித்தளத்துக்குச் சென்று சுத்தியலை இயக்க, டங்ஸ்டன் கார்பைடுக் குமிழ்கள் பதித்த பிட் பாறையை நொறுக்குகிறது. அதே காற்று நொறுங்கிய தூளை வெளியே ஊதித் தள்ளுகிறது. ஒரு ராடு இறங்கியதும் அடுத்தது பூட்டப்படுகிறது. வெளியே விழும் தூளின் நிறம் கருமையிலிருந்து வெண்மைக்கு மாறினாலோ, தூள் நனைந்து கட்டியாக வந்தாலோ, ஆபரேட்டர் உடனே அறிந்துகொள்கிறார். கூலி அடிக்கணக்கு, ஆழம் கூடக்கூட அடிக்கான விலையும் படிப்படியாகக் கூடும். ஆழமற்ற புவிவெப்ப அமைப்பு ஒன்றின் செலவில் பெரும்பங்கு துளையிடுவதற்கே போகிறது என்பதை நினைவில் கொண்டால், உலகின் பல நாடுகளில் இத்தொழில்நுட்பத்துக்குத் தடையாக நிற்கும் முதல் இடரைத் திருச்செங்கோடு வட்டாரம் அரை நூற்றாண்டுப் பழக்கத்தால் எளிதாக்கி வைத்திருக்கிறது என்றே கூற வேண்டும்.

இதற்கு ஒப்பான நாடு ஒன்று உண்டு, அது சுவீடன். அங்கும் பழமையான கிரானைட்டும் நைசும்தான் அடித்தளம். அங்கும் காற்றழுத்தச் சுத்தியலே கருவி. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின், வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரித்துவந்த அந்நாட்டினர் வீட்டுமுற்றத்துப் பாறையில் 100 முதல் 200 மீட்டர்வரை துளையிட்டு, அதில் பிளாஸ்டிக் குழாயை வளையமாக இறக்கி, உறையாத நீர்மத்தை அதில் சுழலவிட்டுப் பாறையின் வெப்பத்தை எடுக்கத் தொடங்கினர். அங்கே பாறையின் வெப்பநிலை பெரும்பாலான இடங்களில் 10 டிகிரிக்கும் கீழே. எனினும் வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே போகும் குளிர்காலத்தில் அதுவே பெரும் செல்வம். அவ்வெப்பத்தை வீட்டுக்கு ஏற்ற நிலைக்கு உயர்த்துவது வெப்ப ஏற்றி: பம்புசெட் நீரைத் தாழ்விலிருந்து மேட்டுக்கு ஏற்றுவதைப் போல, மின்சாரத்தைச் செலவிட்டு வெப்பத்தைத் தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏற்றும் கருவி. 1852-இல் கெல்வின் பிரபு இதன் கொள்கையை விளக்கினார். நிலத்தை வெப்ப மூலமாகக் கொள்ளும் காப்புரிமை 1912-இல் சுவிட்சர்லாந்தில் பதிவானது. இன்று சுவீடனில் இலட்சக்கணக்கான வீடுகள் இவ்வாறு சூடாகின்றன. ஒரே வகைப் பாறையில் ஒரே வகைச் சுத்தியலைக் கொண்டு ஒரு நாடு வெப்பத்தையும் இன்னொரு நாடு நீரையும் தேடியது தட்பவெப்பத்தின் விளைவே. இருவரின் கைத்திறனிலும் வேறுபாடு இல்லை.

பவானியில் வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை எழுவதில்லை. ஆனால் சூடாக்கும் தேவை வேறு இடத்தில் இருக்கிறது. ஜமக்காளத்துக்கும் ஈரோட்டு வட்டாரத் துணிகளுக்கும் வேண்டிய பருத்தி நூலைச் சாயமேற்ற வெந்நீர் வேண்டும். ரியாக்டிவ் சாயங்களில் பல 60 டிகிரியிலும் சில 80 டிகிரியிலும் நூலில் பிடிக்கின்றன. அந்தச் சூட்டுக்கு விறகும் நிலக்கரியுமே எரிகின்றன. நாளொன்றுக்கு 1,000 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 60 யூனிட் வெப்பம் தேவை. செலவிடும் மின்சாரத்தைப்போல மூன்று மடங்கு வெப்பம் தரும் வெப்ப ஏற்றி அதற்கு 20 யூனிட் மின்சாரம் எடுத்துக்கொண்டு, எஞ்சிய 40 யூனிட்டை நிலத்திலிருந்து பெறும். நல்ல பாறையில் ஒரு மீட்டர் துளை ஏறத்தாழ 50 வாட் தரும் என்று கொண்டால், 100 மீட்டர் துளை ஒன்று 8 மணி நேரத்தில் அந்த 40 யூனிட்டைக் கொடுத்துவிடும். காய்ந்த மண்ணைக் காட்டிலும் கொங்குப் பாறை பல மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவதும், குளிர்நாட்டில் போல் இங்கே குழாய்நீர் உறையும் அச்சம் இல்லாததும் சாதகங்கள். கணக்கு இந்த அளவில் நம்பிக்கை தருகிறது.

ஆனால் இதே கணக்கில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. இத்தொழில்நுட்பத்தைப் புகழ்வோர் அதைக் கடந்துபோவது நல்லதன்று. பவானியில் நிலம் 28 டிகிரி என்றால் பகற்காற்று ஆண்டின் பெரும்பகுதியில் அதைவிடச் சூடானது. சூடாக்குவது மட்டுமே நோக்கமானால், துளையே போடாமல் காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் ஏற்றி அதே வேலையைக் குறைந்த முதலீட்டில் செய்துவிடும். நிலம் வெல்வது குளிரூட்டலும் சேரும்போதுதான். கோடையில் 38, 40 டிகிரிக் காற்றில் வெப்பத்தைக் கொட்டத் திணறும் குளிர்சாதனம், 28 டிகிரிப் பாறையில் எளிதாகக் கொட்டும். ஹரியானாவின் குவால் பஹாடியில் எரிசக்தி மற்றும் வளங்கள் நிறுவனமான டேரி கட்டிய பயிற்சி வளாகத்தில், 4 மீட்டர் ஆழத்தில் புதைத்த சுரங்கக் குழாய்கள் வழியே காற்றைச் செலுத்தி அறைகளைப் பதப்படுத்தியது இதன் எளிய வடிவம். எனினும் குளிரூட்டலை மட்டும் செய்தால், வெப்பத்தைத் திரும்ப எடுக்கும் குளிர்காலம் இவ்வூரில் இல்லாததால், பாறை ஆண்டுக்காண்டு சூடேறி, சில ஆண்டுகளில் துளையின் பயன் தேய்ந்துபோகும். ஆகவே ஒரு மருத்துவமனையோ குளிர்பதனக் கிடங்கோ கொட்டும் வெப்பத்தைப் பக்கத்துச் சாயப்பட்டறை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடே பவானிக்குப் பொருந்துவது. குளிர்நாட்டு வடிவமைப்பை அப்படியே இங்கே நட்டுவைக்க முடியாது.

தமிழ்நாட்டில் அறையைச் சூடாக்கும் தேவை உள்ள உதகமண்டலமும் கொடைக்கானலும் இந்த இடத்தில் நினைவுக்கு வரலாம். அங்கே இரவுக் காற்று உறைநிலையை நெருங்கும்போதும் நிலம் 15 டிகிரியை ஒட்டியே இருப்பதால் சுவீடனின் வாதம் முழுமையாகப் பொருந்தும். ஆனால் மலையின் மேற்பரப்பு ஆழமாகச் சிதைந்த செம்மண். மண்சரிவு அபாயமும் சூழல் பாதுகாப்பும் கருதி ஆழ்துளைக்குக் கடும் கட்டுப்பாடுகள் உண்டு. தேவை உள்ள இடத்தில் துளைக்க இடமில்லை. துளைக்கும் ஊரில் தேவை குறைவு.

கொங்குப் பாறைக்கே உரிய மற்றோர் இடர் நீர்மட்டம். சுவீடனின் துளைகளில் நிலத்தடி நீர் தரையை ஒட்டி நிற்பதால், குழாய்க்கும் பாறைக்கும் இடையிலுள்ள வெளியை அந்நீரே நிரப்பி வெப்பத்தைக் கடத்துகிறது. தனியாக எதையும் நிரப்ப வேண்டியதில்லை. பவானிக்கு வடமேற்கே அந்தியூர்ப் பக்கமோ தென்மேற்கே பெருந்துறைப் பக்கமோ கோடையில் நீர்மட்டம் பல நூறு அடி கீழே இறங்கிவிடும் இடங்களில் துளையின் மேற்பகுதி வெறும் காற்றாகவே இருக்கும். காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் நீரைவிட இருபது மடங்குக்கும் மேல் மோசமானது. எனவே துளையை நிரப்புகலவையால் அடைக்க வேண்டும். வழக்கமாகப் பயன்படும் பென்டோனைட் களிமண் தனியாக நின்றால் வெப்பக் கடத்தலில் பாறைக்கு வெகுவாகப் பின்தங்கும். வறண்ட நிலத்தில் அது சுருங்கி வெடிக்கவும் செய்யும். குவார்ட்ஸ் மணலும் சிமெண்டும் கலந்து அடைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். குழாயோ இன்னல் இல்லாதது: நீர்மூழ்கி மோட்டாரைத் தொங்கவிடக் கொங்கு உழவர் பயன்படுத்தும் அதே கறுப்புப் பாலிஎத்திலீன் குழாய் வகைதான் இதற்கும்.

அடைப்பின் தேவை வெப்பத்தோடு முடிவதில்லை. சாயக்கழிவாலும் தோல் கழிவாலும் காலிங்கராயன் வாய்க்கால் பட்ட துன்பம் இப்பகுதி அறிந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலைக் கெடுத்து, 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனது. மேல்மட்டத்து மாசுநீரும் ஆழத்து நன்னீரும் தனித்தனி வெடிப்புகளில் இருக்கும் பாறையில், அடைக்கப்படாத துளை ஒவ்வொன்றும் அவ்விரண்டையும் இணைக்கும் குழாய். வெப்பத்துக்காகப் புதிதாகப் போடும் துளைகள் நூற்றுக்கணக்கில் பெருகுமானால், சரியான அடைப்பில்லாத வேலை நன்மையைவிடத் தீமையையே மிகுதியாகச் செய்யும். நிலத்தடி நீரை நேரே இறைத்து, வெப்பத்தை எடுத்துவிட்டுத் திரும்ப விடும் திறந்த முறை முதலில் மலிவாகத் தோன்றினாலும், சப்பைத் தண்ணீர் என்று இங்கே சொல்லப்படும் உவர்நீரின் சுண்ணாம்புப் படிவு வெப்பமாற்றியை விரைவில் அடைத்துவிடும். நிலத்தடி நீர் இரும்பை என்ன செய்யும் என்பதையும் கோயம்புத்தூர் வட்டாரம் முன்பே பாடமாகக் கற்றிருக்கிறது: 1970-களில் இந்தியா மார்க் 2 கைப்பம்பின் களச்சோதனையும், 1980-களில் எளிதாகப் பழுதுபார்க்கத்தக்க அடுத்த வகையின் சோதனையும் இங்கேதான் நடந்தன, கைப்பம்புத் திட்டங்களில் துத்தநாகம் பூசிய குழாய்கள் அரித்துப்போனது நீண்டகாலத் தலைவலியாக இருந்தது. மூடிய வளையத்துப் பிளாஸ்டிக் குழாயே கொங்குக்கு ஏற்றது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நீர் வராத துளைகளைப் பற்றியும் ஒரு சொல். கடன் வாங்கி 1,000 அடி துளைத்தும் புகை மட்டும் வந்து ஏமாந்த குடும்பங்கள் கொங்கில் ஏராளம். மூடாமல் விட்ட துளையில் குழந்தைகள் விழுந்து இறந்த கொடுமைகளால் 2010-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது; 2015-இல் தமிழ்நாடு அரசு ஊராட்சிப் பகுதிகளுக்கு விதிகள் கொண்டுவந்தது; அதற்குப் பின்னும் 2019-இல் மணப்பாறை அருகே ஒரு குழந்தையின் உயிர் போனது. மூடிய வளைய முறைக்கு நீர் ஊற வேண்டிய கட்டாயம் இல்லை; பாறை இருந்தால் போதும். ஆகவே நீருக்குத் தோற்ற துளை வெப்பத்துக்கும் தோற்றதாகாது. பழைய துளைகள் பலவற்றில் கேசிங் உருவப்பட்டிருக்கும், மண் சரிந்திருக்கும், வெப்பம் வேண்டிய கட்டடத்திலிருந்து தொலைவிலும் இருக்கும் என்பதால் எல்லாம் பயன்படும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சாயப்பட்டறை வளாகத்துக்குள்ளேயோ ஆலை வளாகத்துக்குள்ளேயோ வறண்டு கிடக்கும் துளையில் முதல் சோதனையைச் செய்தால் செலவின் பெரும்பங்கு மிச்சம். குழாய் இறக்கி அடைக்கப்பட்ட துளை அபாயமற்ற துளையாகவும் ஆகிவிடும்.

அச்சோதனையின் முறையும் உலகில் நிலைபெற்றுவிட்டது. துளைக்குள் வளையத்தை இறக்கி, குறிப்பிட்ட அளவு வெப்பத்தை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செலுத்தி, சுழலும் நீரின் வெப்பநிலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அளந்தால், அந்தப் பாறை வெப்பத்தைக் கடத்தும் திறன் தெரிந்துவிடும். இதற்கான நடமாடும் கருவியைச் சுவீடனின் லூலியோ பல்கலைக்கழகத்தில் 1990-களின் நடுவில் உருவாக்கினர். 2025-இல் நடுவண் அரசு அறிவித்த தேசியப் புவிவெப்ப ஆற்றல் கொள்கை நில வெப்ப ஏற்றிகளையும் கருத்தில் கொள்வதால், கோயம்புத்தூர், ஈரோடு பகுதிப் பொறியியல் கல்லூரிகள் இத்தகைய கருவியைச் செய்து பவானிப் பாறையில் இறக்கிப் பார்க்க இது உகந்த காலம்.

அதற்கும் முன்பாக, காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு போர்வெல்லுக்கும் ரிக்காரர் எழுதித் தரும் சீட்டில் மொத்த ஆழமும் கேசிங் அடியும் நீர் வந்த அடியும் இடம்பெறுகின்றன. பாறையின் நிறமும் வெப்பநிலையும் இடம்பெறுவதில்லை. துளையிட்ட உடனே அளந்தால் கம்ப்ரசர் காற்றின் சூடு கணக்கைக் கெடுத்துவிடும். சில நாள் ஆறவிட்டு, நீர் நிற்கும் ஆழத்துக்கு ஒரு வெப்பமானியைக் கயிற்றில் இறக்கி அளப்பதே சரியான முறை. ரிக் உரிமையாளர்களும் நிலத்துக்காரர்களும் இந்த இரண்டு வரிகளையும் சீட்டில் சேர்த்து எழுதத் தொடங்க வேண்டும். ஊராட்சிகள் துளைக்கு அனுமதி வழங்கும்போதே அவற்றைக் கேட்டு வாங்கிவைக்க வேண்டும்.